சுத்திகரிப்பு ஆலை அறிவிப்பு வந்தால் அதை எப்படிப் படிப்பது?

ஏதோ ஓர் அரசு புதிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அறிவிக்கிறது. செய்திக்குறிப்பில் ஒரு பெரிய எண் இருக்கும், அதைவிடப் பெரிய தொகை இருக்கும், கடைசிப் பத்தியில் 'எரிசக்திப் பாதுகாப்பு' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கும். வேறோர் அரசு பழைய ஆலை ஒன்று மூடப்படுவதாக அறிவிக்கிறது. அங்கேயும் அதே சொல்தான், 'பாதிப்பு எதுவும் வராது' என்ற உறுதிமொழியோடு. இரண்டையும் ஒரே முறையில் படித்துவிடலாம்.

நான் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கச்சா எண்ணெயை வாங்கினால் எத்தனை டன் டீசல் தேறும், எத்தனை டன் பெட்ரோல் தேறும், எதைக் குறைத்து எதைக் கூட்டலாம் என்று கணக்குப் போடுவதுதான் அங்கே பிழைப்பு. அந்தக் கணக்கில் ஊறியவனுக்குச் செய்திக்குறிப்பின் பெரிய எண்ணைப் பார்த்து மலைப்பு வராது. எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: எது நின்றுபோனால் இந்த நாடு எத்தனை நாள் தாங்கும்? சுத்திகரிப்புத் திறன் அதற்கான விடையில் ஒரு பகுதி மட்டுமே. மீதியை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். கையில் ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

எண்ணை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

இந்தியாவில் ஆலையின் திறனை ஆண்டுக்கு இத்தனை டன் என்பார்கள். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் நாளுக்கு இத்தனை பீப்பாய் என்பார்கள். ஒரு பீப்பாய் ஏறக்குறைய 159 லிட்டர். ஒரு டன் கச்சா எண்ணெய் சராசரியாக 7.33 பீப்பாய். இதிலிருந்து ஒரு சுருக்குவழி கிடைக்கும்: ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்றால் நாளுக்கு 20,000 பீப்பாய். நாகப்பட்டினத்தில் திட்டமிடப்பட்டுள்ள 90 லட்சம் டன் ஆலை நாளுக்கு 1.8 லட்சம் பீப்பாய். குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள இரண்டு ஆலைகளும் சேர்ந்து 6.82 கோடி டன், அதாவது நாளுக்கு 13.6 லட்சம் பீப்பாய்க்கு மேல். நைஜீரியாவின் டாங்கோட்டே ஆலையின் 6.5 லட்சம் பீப்பாயைத் திருப்பிப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 3.2 கோடி டன்.

டன்னில் கணக்குப் போட்டால் உள்ளே போனதைவிட வெளியே வருவது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆலை தன் உலைகளுக்காக ஒரு பங்கை எரித்துவிடும். பீப்பாயில் போட்டால் வெளியே வருவது கூடுதலாகக்கூட இருக்கும். கனமான எண்ணெயை உடைத்து இலேசாக்கும்போது எடை கூடாது, கொள்ளளவு கூடும். இது தெரியாமல், அரசுப் புள்ளிவிவரம் பொய் என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர்ப்பலகையில் இருப்பதும் ஓடுவதும்

ஆலையின் அறிவிக்கப்பட்ட திறனைத் துறையில் பெயர்ப்பலகைத் திறன் என்போம். அது எண்ணெய் ஆகாது. நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய இடங்களில் இருந்த அரசு ஆலைகளின் மொத்தப் பெயர்ப்பலகைத் திறன் நாளுக்கு 4.45 லட்சம் பீப்பாய். பல ஆண்டுகள் அவை பெரும்பாலும் முடங்கியே கிடந்தன. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கச்சா உற்பத்தியாளர்களில் ஒன்றான அந்த நாடு பெட்ரோலைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. ஆண்டறிக்கைகளில் மட்டும் அந்த 4.45 லட்சம் குறையாமல் இருந்தது.

ஆகவே அறிவிப்பில் தேட வேண்டிய தேதி திறப்பு விழாத் தேதி அல்ல. வணிகரீதியாக முதல் எரிபொருள் விற்பனைக்குப் போன தேதி. டாங்கோட்டே ஆலை 2023 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. டீசல் வந்தது 2024 ஜனவரியில், பெட்ரோல் அந்த ஆண்டு செப்டம்பரில். மெக்ஸிகோவின் டோஸ் போகாஸ் ஆலைக்கு 2022 ஜூலை 1 அன்று விழா எடுத்தார்கள். 2024 வரை சீரான உற்பத்தியைக் காண முடியவில்லை. இவற்றையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு சுத்திகரிப்பு ஆலையை ஓடவிடுவது மின்விசிறிக்கு ஸ்விட்ச் போடுகிற காரியமல்ல. ஒவ்வொரு பிரிவாகச் சூடேற்றி, கசிவு பார்த்து, தரம் பிடித்து, அடுத்த பிரிவுக்கு ஊட்ட வேண்டும். அந்தக் காலத்தை அறிவிப்பு விழுங்கிவிடும் என்பதுதான் விஷயம்.

அடிக்கல்லுக்கும் எண்ணெய்க்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். ஒடிசாவின் பாரதீப் ஆலைக்கு 2000இல் அடிக்கல் நாட்டினார்கள். நாட்டுக்கு அர்ப்பணித்தது 2016 பிப்ரவரியில். ராஜஸ்தானின் பார்மர் ஆலைக்கு 2013இல் ஒருமுறை அடிக்கல் விழா, 2018இல் பணித் தொடக்க விழா. அதற்கிடையில் திட்டம் மாறியது, பங்கு விகிதம் மாறியது. முதலில் 37,229 கோடி ரூபாய் என்றிருந்த மதிப்பீடு பின்னாளில் 72,937 கோடியாகத் திருத்தப்பட்டது. உங்கள் தாளில் அறிவிப்புத் தேதி, பணம் ஒதுக்கிய தேதி, நிலம் கைக்கு வந்த தேதி என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நிலத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் அந்த அறிவிப்பை மடித்து வைத்துவிடலாம். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஆண்டுக்கு 6 கோடி டன் திறனோடு வரவிருந்த ஆலை நாணார் கிராமத்து எதிர்ப்பில் நின்றுபோனது நினைவிருக்கலாம்.

ஓடுகிற ஆலைக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய பராமரிப்பு நிறுத்தம் வரும், வாரக்கணக்கில். அதைக் கழித்துச் சொல்லும் திறன் வேறு, கழிக்காமல் சொல்வது வேறு. சில சமயம் ஆலை பெயர்ப்பலகையைத் தாண்டியும் ஓடும். இந்திய ஆலைகள் 2023-24இல் மொத்தமாகவே 100 சதவீதத்தைத் தாண்டின. செய்தித்தாள் அதைச் சாதனை என்று எழுதும். திட்டப் பிரிவில் இருந்தவனுக்கு அது வேறு மாதிரி தெரியும்: கையிருப்புத் திறன் இல்லை, ஓர் ஆலை விழுந்தால் இன்னோர் ஆலை தோள் கொடுக்க இடமில்லை. பாதுகாப்பு என்ற கோணத்தில் 100 சதவீதத்தைவிட 88 சதவீதம் நிம்மதியான எண்.

எந்தக் கச்சா எண்ணெய்க்குக் கட்டிய ஆலை?

அறிவிப்பில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் மிக முக்கியமான கேள்வி இதுதான். கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. எங்கள் மேசைக்கு ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பகுப்பாய்வுத் தாள் வரும். மேலே அடர்த்தி: ஏபிஐ என்ற அளவுகோலில் தண்ணீர் 10, எண்ணெய் இலேசாக ஆக எண் கூடும். வட கடலின் பிரெண்ட் ரகம் 38 அளவில் இருக்கும், மெக்ஸிகோவின் மாயா 22க்குப் பக்கத்தில். அடுத்து கந்தகம்: பிரெண்டில் அரை சதவீதத்துக்கும் கீழே, மாயாவில் 3 சதவீதத்துக்கும் மேலே. அதற்குக் கீழே, வெளியார் யாரும் பார்க்காத வரிகள்: அமில எண், நிக்கல், வனேடியம், எந்த வெப்பநிலையில் உறைந்து ஓடாமல் நிற்கும் என்பது. அமில எண் அதிகமென்றால் குழாயை அரிக்கும். வனேடியம் அதிகமென்றால் வினையூக்கியைக் கொன்றுவிடும். கடைசியில் அட்டவணையாக, எந்த வெப்பநிலை வரை எத்தனை சதவீதம் ஆவியாகும் என்ற கணக்கு. அந்த அட்டவணையின் கடைசி வரி, அதாவது ஆவியாகாமல் அடியில் நிற்கும் கசடு எத்தனை சதவீதம் என்பதை முதலில் பார்ப்பவன்தான் திட்டப் பிரிவுக்காரன். விலை குறைவான எண்ணெய்க்கெல்லாம் அந்த வரி பெரிதாக இருக்கும்.

அந்தக் கனமான பகுதியை உடைத்து இலேசாக்கும் பிரிவுகளான கோக்கரும் (கடும் வெப்பத்தால் உடைப்பது) ஹைட்ரோகிராக்கரும் (ஹைட்ரஜன் சேர்த்து உடைப்பது) உள்ள ஆலை எதையும் தின்னும். எண்ணெயை ஆவியாக்கிப் பிரிக்கும் வடிகோபுரம் மட்டும் உள்ள ஆலை நல்ல எண்ணெயைத்தான் கேட்கும். கனமானதைக் கொடுத்தால் பாதிக்குப் பாதி ஃபர்னஸ் ஆயிலாக, அதாவது உலையில் எரிக்கும் மலிவான எண்ணெயாகத் தள்ளிவிடும். கரும்புக்குக் கட்டிய ஆலையில் நெல் அரைக்க முடியாது என்பது போலத்தான். இந்த வித்தியாசத்தை அளக்க நெல்சன் சிக்கல்தன்மைக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. சாதாரண வடிகோபுரத்துக்கு 1 என்று வைத்து, மற்ற பிரிவுகளை அதற்கு ஒப்பிட்டுக் கூட்டுவார்கள். ஜாம்நகருக்கு 21.1 என்கிறார்கள். ஒரு புதிய ஆலையின் அறிவிப்பில் இந்த எண் இருந்தால் எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்று கொள்ளலாம்.

ஜெர்மனியின் ஷ்வெட் ஆலைதான் இதற்குப் பாடம். பெர்லினுக்கு எரிபொருள் கொடுக்கிற அந்த ஆலை, ரஷ்யாவிலிருந்து வரும் துருஷ்பா குழாயின் முனையில், அந்தக் குழாயின் எண்ணெய்க்காகவே கட்டப்பட்டது. 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு ஜெர்மன் அரசு ரஷ்ய நிறுவனத்தின் பங்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ரஷ்ய எண்ணெயை நிறுத்தியது. ரோஸ்டாக் துறைமுகத்திலிருந்து வரும் குழாயால் ஆலையின் முழுப் பசியைத் தீர்க்க முடியவில்லை. கசகஸ்தான் எண்ணெயைச் சேர்த்துச் சமாளித்தார்கள். ஆலையின் திறன் ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை. ஓட்டம்தான் குறைந்தது.

அமெரிக்காவையும் பாருங்கள். தன் தேவைக்கு ஈடாக எண்ணெய் எடுக்கிற நாடு ஏன் இன்னும் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்கிறது என்று கேட்பார்கள். அந்த நாட்டின் மெக்ஸிகோ வளைகுடாக் கரை ஆலைகள் வெனிசுலா, மெக்ஸிகோ, கனடா ஆகிய நாடுகளின் கனரக எண்ணெய்க்காகக் கோக்கர் போட்டுக் கட்டப்பட்டவை. உள்நாட்டில் பாறைப்பிளவிலிருந்து கிடைப்பது இலேசான எண்ணெய். அதை ஏற்றுமதி செய்துவிட்டுக் கனமானதை வாங்கி ஓட்டுவதுதான் அவர்களுக்கு லாபம். 'நம் எண்ணெய் நமக்கே' என்று மேடையில் சொல்வது சுலபம். கோக்கருக்கு அது புரியாது.

என்ன வெளியே வருகிறது, யாருக்குப் போகிறது?

இந்தியாவின் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்கு 25 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. டீசலையும் பெட்ரோலையும் ஏற்றுமதி செய்கிற நாடு இது. ஆனால் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. ஒரு டன் கச்சா எண்ணெயில் எரிவாயுவாகத் தேறுவது சொற்ப சதவீதமே. இன்னும் பத்து ஆலை கட்டினாலும் அடுப்புக்கான கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே மொத்தத் திறனை விட்டுவிட்டுப் பொருள் வாரியாகப் பாருங்கள்: டீசல், பெட்ரோல், விமான எரிபொருள், சமையல் எரிவாயு. ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியிலிருந்து நுகர்வைக் கழியுங்கள். கழித்தால் மைனஸ் வருவது எதுவோ அதில்தான் அந்த நாட்டின் கழுத்து சிக்கியிருக்கிறது. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்த ஈரான் 2007 ஜூனில் பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவந்தது; எண்ணெய் இருந்தது, அதைப் பெட்ரோலாக்கும் திறன் போதவில்லை.

அடுத்தது, ஆலை நாட்டுக்குள் இருப்பதும் அதன் எண்ணெய் நாட்டுக்குள் இருப்பதும் ஒன்றல்ல. 2022இல் வெளிநாட்டு விலை எகிறியபோது தனியார் ஆலைகளுக்கு ஏற்றுமதிதான் கொழுத்த லாபம். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று இந்திய அரசு ஏற்றுமதியாகும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 6 ரூபாயும் வரி போட்டது; ஏற்றுமதி செய்யும் அளவில் ஒரு பங்கை உள்நாட்டிலும் விற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2024 டிசம்பரில் அந்த வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. கொள்கையாக அதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறு: அரசிடம் அப்படி ஒரு நெம்புகோல் இருந்தது, நெருக்கடியில் அதை இழுத்தது. நீங்கள் படிக்கிற அறிவிப்பில் ஆலையின் உரிமையாளர் யார், நெருக்கடியில் அவருடைய எண்ணெயைத் திருப்பிவிட அரசுக்குச் சட்டப்படி எந்த வழி இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தத் திறனைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்திருக்கிறது?

இந்த இடத்தில் அறிவிப்பை மூடிவிட்டு வரைபடத்தை எடுங்கள். ஆலைக்கு மின்சாரம் எங்கிருந்து, கச்சா எண்ணெய் எந்தத் துறைமுகம் வழியாக, தயாரிப்பு எந்தக் குழாயில் போகிறது?

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் குளிரில் உறைந்தபோது ஆலைகள் வரிசையாக நின்றன. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, மின்சாரமும் நீராவியும் போய், கருவிக் குழாய்கள் உறைந்துவிட்டன. அதே ஆண்டு மே மாதம் கொலோனியல் குழாய் நிறுவனத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்க, ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் பக்கம் வரை நீளும் அந்தக் குழாய் சில நாட்கள் நின்றது. ஆலைகளில் பெட்ரோல் இருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் பங்க்குகளில் இல்லை.

பிலடெல்பியா ஆலையின் கதையை நான் இளம் பொறியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். நாளுக்கு 3.35 லட்சம் பீப்பாய், அமெரிக்கக் கிழக்குக் கரையின் மிகப் பெரிய ஆலை. 2019 ஜூன் 21 அதிகாலையில் உயர்தரப் பெட்ரோலில் கலக்கும் பொருளைச் செய்யும் ஆல்கைலேஷன் பிரிவில் ஒரு குழாய் முழங்கை, அதாவது குழாய் வளையும் இடத்துத் துண்டு, உடைந்தது. 1973 வாக்கில் பொருத்திய துண்டு அது. பக்கத்துக் குழாய்களின் சுவர்த் தடிப்பை அவ்வப்போது அளந்திருக்கிறார்கள்; இந்த முழங்கையை அளக்கவில்லை. அதன் உலோகத்தில் நிக்கலும் செம்பும் அதிகம், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் அதை மற்றவற்றைவிட வேகமாக அரித்திருந்தது. தீ, வெடிப்பு, சில நாட்களில் மூடல் அறிவிப்பு, பிறகு திவால் மனு. ஆலை மறுபடி ஓடவேயில்லை. கிழக்குக் கரையின் சுத்திகரிப்புத் திறனில் கால் பங்குக்கு மேல் ஒரு முழங்கையோடு போயிற்று. எந்த எரிசக்திக் கொள்கை ஆவணத்திலும் குழாய்களைச் சோதிக்கும் ஆய்வுப் பிரிவின் ஆள்பலம் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை. படிக்க ஆசை.

ஒரே இடத்தில் பிரம்மாண்டமாகக் கட்டினால் டன்னுக்கான செலவு குறையும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும் என்பது அதற்கான விலை. செய்திக்குறிப்பு முதலாவதைச் சொல்லும்.

கையிருப்பை நாளாக மாற்றும் கணக்கு

1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1974இல் சர்வதேச எரிசக்தி முகமை உருவானது. உறுப்பு நாடுகள் முந்தைய ஆண்டின் நிகர இறக்குமதியில் 90 நாளுக்கு ஈடான கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இந்த '90 நாள்' இப்போது உலகெங்கும் பேச்சில் புழங்குகிறது. அதில் கவனிக்க வேண்டியது வகுக்கும் எண்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களின் பாறைக் குகைகளில் மொத்தம் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்கலாம். அரசு இதை 9.5 நாள் தேவை என்கிறது, 2019-20 நுகர்வை அடிப்படையாகக் கொண்டு. இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள். 25.68 கோடி டன் திறனை 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏழு லட்சம் டன். அதைக் கொண்டு 53.3 லட்சத்தை வகுத்தால் ஏழரை நாள். குகை அதேதான், வகுத்த எண் மாறியதும் இரண்டு நாள் காணாமல் போயிற்று. இரண்டில் எது பொய் என்று கேட்காதீர்கள், இரண்டும் கணக்குதான். அறிவிப்பில் நாள் எண்ணிக்கை வந்தால் அது எதன் நாள் என்று கேளுங்கள்: இறக்குமதியா, நுகர்வா, ஆலைகளின் ஓட்டமா, எந்த ஆண்டு? தவிர 53.3 லட்சம் என்பது கொள்ளளவு. குகை நிரம்பியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்துப் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். அங்கேதான் டேங்க்கின் அடியைப் பார்க்க வேண்டும். பெரிய கச்சா எண்ணெய் டேங்க்குகளுக்கு மிதக்கும் கூரை. எண்ணெய் மட்டத்தோடு ஏறி இறங்கும். அந்தக் கூரைக்கு இரும்புக் கால்கள் உண்டு. மட்டம் இறங்க இறங்க ஒரு கட்டத்தில் கால்கள் தரையில் ஊன்றிவிடும். அதற்குக் கீழே எண்ணெயை இறக்கினால் கூரைக்கும் எண்ணெய்க்கும் இடையே ஆவி சேரும், தீ ஆபத்து. அந்த மட்டத்துக்கும் கீழே சேறும் தண்ணீரும். இப்படி ஆள் உயரத்துக்கு நிற்கும் எண்ணெய் பதிவேட்டில் இருப்பாக இருக்கும், பம்ப்புக்கு வராது. குழாய்களை நிரப்பியிருக்கும் எண்ணெயும் அப்படித்தான். அதை எடுத்தால் குழாய் ஓடாது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குமுறையே இதற்காக 10 சதவீதத்தைக் கழிக்கிறது. நீங்களும் கழியுங்கள்.

இன்னொன்று, கச்சா எண்ணெய்க் கையிருப்பு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்க வளைகுடாக் கரை ஆலைகளை முடக்கியபோது அரசுக் கையிருப்பு வைக்கும் உப்புக் குகைகளில் கச்சா எண்ணெய் நிறைய இருந்தது. அப்போது பற்றாக்குறை பெட்ரோலுக்கு. சர்வதேச எரிசக்தி முகமை மூலம் 6 கோடி பீப்பாய் விடுவிக்க முடிவானது. ஐரோப்பாவிலிருந்து பெட்ரோல் கப்பல் ஏறியது. எனவே கையிருப்பு வரியில் கச்சா எவ்வளவு, தயாரான எரிபொருள் எவ்வளவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

காசு யார் கொடுக்கிறார்கள்?

பாதுகாப்பு இலவசமாக வராது. லாபமில்லாத ஆலையை ஓடவைக்கவும் செலவு, ஆலையை மூடிவிட்டு டேங்க்கை நிரப்பவும் செலவு. பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு, இரண்டு வழியில் போயின.

ஆஸ்திரேலியாவில் 2021இல் க்வினானா, ஆல்டோனா ஆலைகள் நின்றபோது மிஞ்சியவை பிரிஸ்பேன் பக்கத்து லிட்டன், விக்டோரியாவின் ஜீலாங் என இரண்டே ஆலைகள். அவற்றையும் இழக்கக் கூடாது என்று அரசு ஒரு சட்டமே போட்டது. 2021இல் வைத்த விதி இது: சுத்திகரிப்பு லாபம் பீப்பாய்க்கு 10.20 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே போனால் மட்டும் உதவித்தொகை, 7.30 டாலருக்கு இறங்கினால் உச்சவரம்பாக லிட்டருக்கு 1.8 சென்ட். லாபம் நன்றாக இருக்கும் காலாண்டில் ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாட்டின் வடிவம் எனக்குப் பிடிக்கும்: எப்போது கொடுப்போம், எவ்வளவு வரை கொடுப்போம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலை முதலாளி அமைச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

நியூசிலாந்து தன் ஒரே ஆலையான மார்ஸ்டன் பாயிண்டை 2022இல் சுத்திகரிப்பிலிருந்து விடுவித்து இறக்குமதி முனையமாக மாற்றிக்கொள்ள விட்டுவிட்டது. பதிலுக்கு 2025 ஜனவரி முதல் எரிபொருள் நிறுவனங்கள் 28 நாள் பெட்ரோல், 24 நாள் விமான எரிபொருள், 21 நாள் டீசல் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. இதில் டீசலின் நாள்தான் குறைவு. லாரியும் டிராக்டரும் ஓடுவது டீசலில். அது ஏன் குறைவு என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் விவசாயிகள்.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்டால், எதை அஞ்சுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். சில வாரத் தடங்கலை அஞ்சினால் நிரம்பிய டேங்க் போதும், மலிவும்கூட. மாதக்கணக்கில் கடல்வழி அடைபடும் என்று அஞ்சினால் டேங்க் தீர்ந்துவிடும். ஆனால் அப்போது ஆலைக்கு ஊட்டக் கச்சா எண்ணெயும் அதே கடலில்தான் வர வேண்டும். சொந்தக் கச்சா இல்லாத நாட்டில் ஆலை கொடுப்பது தெரிவுச் சுதந்திரம் மட்டும்: இன்ன இடத்தில் டீசல் கிடைக்காவிட்டால் வேறிடத்துக் கச்சாவை வாங்கி நாமே செய்துகொள்ளலாம். அதற்கு ஒரு விலை உண்டு, கொடுக்கலாம். அதை 'தற்சார்பு' என்று விற்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

மூடல் அறிவிப்பு என்றால்

மேலே சொன்ன கேள்விகளையே திருப்பிப் போடுங்கள். ஸ்காட்லாந்தின் ஒரே சுத்திகரிப்பு ஆலையான கிரேஞ்ச்மவுத் 2025 ஏப்ரலில் சுத்திகரிப்பை நிறுத்தியது. இம்மாதிரி செய்தியில் பார்க்க வேண்டியவை: அந்த இடம் இறக்குமதி முனையமாகத் தொடர்கிறதா, துறைத்தளத்தில் எவ்வளவு பெரிய கப்பலை நிறுத்தலாம், விமான நிலையத்துக்குப் போகும் குழாய் தொடர்ந்து ஓடுமா, ஆலையின் டேங்க்குகள் யார் கைக்குப் போகின்றன. வேலை இழப்பவர்கள் பற்றிய பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். ஓர் ஆலையை ஓட்டத் தெரிந்த ஆட்கள் கலைந்துவிட்டால், இயந்திரம் எஞ்சியிருந்தாலும் அதைத் திரும்ப எழுப்புவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தொடர்ந்து சரிபார்க்க

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் புதன்கிழமைதோறும் ஆலைகள் எத்தனை சதவீதம் ஓடின, கையிருப்பு எவ்வளவு என்று வெளியிடுகிறது. இந்தியாவில் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு மாதந்தோறும் ஆலை வாரியாகப் பதப்படுத்திய அளவைத் தருகிறது. உங்கள் தாளில் குறித்த ஆலையின் பெயரை அந்த அட்டவணையில் தேடுங்கள். இல்லையென்றால் அது இன்னும் செய்திக்குறிப்பில்தான் இருக்கிறது.

நாடாளுமன்றக் கேள்வி நேரத்துக்கான எழுத்துப்பூர்வப் பதில்களையும் விடாதீர்கள். மேடைப் பேச்சில் வராத எண்கள் அங்கேதான் வரும். உங்கள் உறுப்பினரிடம் கேள்வி எழுதிக் கொடுக்க வாய்ப்புக் கிடைத்தால், நாட்டின் சுத்திகரிப்புத் திறன் எவ்வளவு என்று கேட்டு வீணாக்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆண்டு ஒவ்வோர் ஆலையும் திட்டமிடாமல் எத்தனை நாள் நின்றது, காரணம் என்ன, அந்த நாட்களில் அந்த வட்டாரத்துக்கு டீசல் எங்கிருந்து போனது?